உல்லாசக் கப்பல் பயணம்: நேரடியாகப் பதிவதா, முகவர் மூலம் பதிவதா?

மாவனல்லையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் சென்ற மாதம் என்னுடன் தொலைபேசியில் தொடர்பு கொண்டார். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலொன்றில் குடும்பத்தார் ஆறு பேருடன் நான்கு இரவுப் பயணமொன்று செல்ல விரும்புவதாகவும், கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தாமே பதிவு செய்வதா அல்லது கொழும்பிலுள்ள பிரயாண முகவர் ஒருவர் மூலம் பதிவு செய்வதா என்று தீர்மானிக்க முடியாமல் இருப்பதாகவும் கூறினார். "எது மலிவு?" என்பதே அவரது கேள்வியாக இருந்தது.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இரண்டும் ஒரே விலைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக் கொண்டால் அவருக்கு நான் உதவியவனாக மாட்டேன். ஏனெனில், எங்கள் குடும்பத்தில் இந்த விடயத்தில் இரண்டு தடவைகள் பணம் இழந்திருக்கிறோம். ஒரு தடவை முகவர் மூலம் பதிந்து இழந்தோம். மறு தடவை நேரடியாகப் பதிந்து இழந்தோம். இரண்டிலும் விலை பிரச்சினையாக இருக்கவில்லை. அந்த இரு அனுபவங்களையும் வைத்தே இவ்வாரப் பத்தியை எழுதுகிறேன்.

விலை எப்படி அமைகிறது?

முதலில் கப்பல் பயணத்தின் விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புரிந்து கொள்ள வேண்டும். விளம்பரத்தில் காணப்படும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக் கொண்டு ஒருவருக்குக் கணக்கிடப்பட்ட தொகையாகும். தனியாகச் செல்பவர், வராத இரண்டாவது ஆளுக்கும் சேர்த்தே கட்ட வேண்டிய நிலை பல கப்பல்களில் உண்டு. ஜன்னல் இல்லாத உட்புற அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனியுள்ள அறை, சொகுசு அறை என்று விலை ஏறிக் கொண்டே போகும்.

அந்தத் தொகைக்கு மேல் துறைமுகக் கட்டணங்களும் வரிகளும் சேரும். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையை ஆளொன்றுக்கு, நாளொன்றுக்கு என்று தனியாக அறவிடுகின்றன. இணைய வசதி, சில விசேட உணவகங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடுகள் என்பனவும் வேறு கணக்கு. உதாரணமாக, ஒருவருக்குப் பயணக் கட்டணம் 500 டொலர், துறைமுகக் கட்டணமும் வரியும் 120 டொலர், டிப்ஸ் நாளொன்றுக்கு 16 டொலர் வீதம் நான்கு நாட்களுக்கு 64 டொலர் என்று வைத்துக் கொள்வோம். 500 டொலர் என்று பார்த்த பயணம் கப்பலில் ஏறும் முன்பே 684 டொலராகி விடுகிறது. எனவே இரண்டு இடங்களில் விலை கேட்டு ஒப்பிடும் போது, இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும். ஒருவர் 500 என்றும் மற்றவர் 684 என்றும் சொல்லும் போது இருவரும் ஒரே விலையைத்தான் சொல்லியிருக்கக் கூடும்.

முகவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

"ஏஜன்டுக்கு எதுக்கு மாமா சும்மா சல்லி குடுக்கோணும்? நெட்ல போட்டா பத்து நிமிஷ வேல" என்று என் தங்கையின் மகன் ஒரு முறை சொன்னார். நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். இதற்கொரு காரணமும் உண்டு.

ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் சீட்டு விற்கும் முகவர்களுக்குத் தரகுப் பணம் கொடுத்து வந்தன. 1995இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் இத்தரகுக்கு ஓர் உச்சவரம்பு விதித்தது. 2002இல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் அடிப்படைத் தரகையே நிறுத்திவிட்டன. அதன் பின்னர் விமானச் சீட்டு விற்பவர் தமது கூலியைப் பயணியிடமே சேவைக் கட்டணமாக வாங்க வேண்டியதாயிற்று. விமானச் சீட்டில் கண்ட இந்தப் பழக்கத்தையே நாம் கப்பலுக்கும் பொருத்திப் பார்க்கிறோம்.

ஆனால் கப்பல் நிறுவனங்கள் அந்த வழியில் செல்லவில்லை. அவை இன்றும் முகவருக்குத் தரகு கொடுக்கின்றன. பயணக் கட்டணத்தில் பொதுவாக 10 வீதத்திலிருந்து ஆரம்பித்து, அதிகம் விற்கும் முகவருக்கு அதற்கு மேலும் கிடைக்கும். துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் தரகு கிடையாது. மேலே சொன்ன உதாரணத்தில் 684 டொலரில் முகவரின் பங்கு 50 டொலர் அளவில்தான் இருக்கும். நீங்கள் நேரடியாகப் பதிந்தால் அந்த 50 டொலர் உங்களுக்குத் திரும்பி வராது. அது கப்பல் நிறுவனத்திடமே தங்கிவிடும்.

ஆகவே, விலையைப் பொறுத்தவரை நேரடிப் பதிவில் லாபம் இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. சில வேளைகளில் முகவரிடம் சற்று நன்மையும் கிடைக்கலாம். பெரிய முகவர்கள் முன்கூட்டியே பல அறைகளைக் குழுவாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். விலை ஏறிய பின்னரும் பழைய விலையில் அந்த அறைகள் கிடைக்கக் கூடும். இன்னும் சிலர் தமது தரகின் ஒரு பகுதியை, கப்பலில் செலவழிக்கக் கூடிய தொகையாக வாடிக்கையாளருக்கு விட்டுக் கொடுப்பார்கள். மறுபுறம், கப்பல் நிறுவனத்திடம் தரகும் வாங்கிக் கொண்டு உங்களிடம் சேவைக் கட்டணமும் வாங்கும் முகவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அது முதலிலேயே எழுத்தில் சொல்லப்பட வேண்டும்.

முகவரை நம்பி இழந்தது

இனி முதலாவது அனுபவத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் பயணம் செல்வதற்காக, 2019 நவம்பரில் கொழும்பிலுள்ள முகவர் ஒருவரிடம் நான்கு பேருக்குப் பதிந்தேன். நீண்ட காலம் பழகியவர். ஜனவரி இறுதியில் முழுத் தொகையையும் கட்டி முடித்தேன். டொலர் 181 ரூபா வீதம் 2,000 டொலருக்கு 362,000 ரூபா. அவரது கம்பனியின் பெயருக்குக் காசோலை எழுதினேன். பற்றுச்சீட்டும் தந்தார்.

அதன் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 13ஆம் திகதி சிங்கப்பூர், உல்லாசக் கப்பல்கள் தனது துறைமுகத்துக்கு வருவதைத் தடை செய்தது. ஒரு வாரத்துக்குப் பின் இலங்கையில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பயணம் ரத்தாகிவிட்டதாகக் கப்பல் நிறுவனம் அறிவித்தது. பணத்தைத் திருப்பித் தரவும் அது இணங்கியது. ஆனால் யாரிடமிருந்து பணம் வந்ததோ அவரிடமே அது திரும்பும் என்பதுதான் விதி. நிறுவனத்தைப் பொறுத்தவரை பணம் கட்டியவர் நானல்ல, முகவர். நான் நேரடியாக எழுதிய போது, "உங்கள் முகவருடன் தொடர்பு கொள்ளவும்" என்று மட்டும் பதில் வந்தது.

நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் பணத்தை அனுப்பிவிட்டது. முகவரிடமிருந்து எனக்கு அது தவணை தவணையாக வந்து முடிய 2021 ஜூன் ஆகிவிட்டது. அதிலும் 10 வீதம் அலுவலகச் செலவென்று கழிக்கப்பட்டது. ரூபாவில் கட்டியதால் ரூபாவிலேயே, 325,800 கிடைத்தது. அப்போது டொலர் 200 ரூபா அளவில் நின்றது. 2,000 டொலர் கொடுத்த எனக்குத் திரும்பி வந்தது ஏறத்தாழ 1,630 டொலர். அதே கப்பலில் தமது கடனட்டையால் நேரடியாகப் பதிந்திருந்த நண்பர் ஒருவருக்கு இரண்டு மாதங்களில் முழுத் தொகையும் அட்டைக்கே வந்து சேர்ந்தது.

அந்த முகவரை மோசடிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பின்னர் அவரது தொழில் பாதி விழுந்திருந்தது. கொரோனா மீதியையும் விழுத்தியது. திரும்பி வந்த பணத்தில் அவர் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். அவர் செய்த தவறு, அமானிதமாக இருந்த என் பணத்தைத் தமது வியாபாரப் பணத்தோடு ஒரே கணக்கில் கலந்ததுதான். நான் செய்த தவறு, அப்படிக் கலப்பதற்கு இடம் கொடுத்தது.

நேரடியாகப் பதிந்து இழந்தது

இரண்டாவது அனுபவம் என் தங்கையினுடையது. எங்கள் வாப்பா, கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் வழங்கும் கம்பனியொன்றில் இலிகிதராக இருந்தவர். 1967இல் சுயெஸ் கால்வாய் மூடப்படும் வரை, ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய பெரிய பயணிகள் கப்பல்கள் கொழும்பில் தரித்துச் செல்லும். லீவு நாட்களில் எங்களைக் கூட்டிச் சென்று காட்டுவார். "அதுக்குள்ள நாங்களும் ஏறேலாதா வாப்பா?" என்று தங்கச்சி கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்போது அவருக்கு ஆறு வயது.

அவருடைய மகன் மெல்பர்னில் தொழில் செய்கிறார். அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவர். உம்மாவின் ஆசையை நிறைவேற்றுவதற்காக 2024 டிசம்பரில் ஆறு பேருக்கு ஒரு கப்பல் பயணத்தை அவரே இணையத்தில் பதிந்தார். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் சென்று சிங்கப்பூருக்குத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். 3,100 டொலர். அன்றைய மதிப்பில் சுமார் 9 இலட்சம் ரூபா. எனது முன்னைய அனுபவத்தைக் கேட்டிருந்ததால்தான் அவர் முகவர் வேண்டாம் என்றார். நானும் ஆமோதித்தேன்.

சிங்கப்பூர் கப்பல் முனையத்தில் கடவுச்சீட்டுகளை நீட்டிய போதுதான் விடயம் வெளிவந்தது. அவருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு. எந்தத் துறைமுகத்துக்கும் வீசா தேவையில்லை. தங்கைக்கும் மச்சானுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு. அதற்குச் சிங்கப்பூரில் வீசா தேவையில்லை. தாய்லாந்தும் அவ்வாண்டு ஜூலை முதல் வீசாவின்றி அனுமதித்து வந்தது. ஆனால் மலேசியாவுக்கு முன்கூட்டியே வீசா எடுத்திருக்க வேண்டும். "நாங்க பினாங்குல எறங்க மாட்டம், கப்பலுக்குள்ளயே ஈக்கிறம்" என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். பயணப் பாதையிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் செல்லுபடியான வீசா இருந்தாலன்றி ஏற்ற முடியாது என்பது அந்நிறுவனத்தின் விதி. இது ஒரு நிறுவனத்தில் மட்டும் உள்ள விதியல்ல.

"நீங்க நாலு பேரும் போங்க மகன்" என்று தங்கச்சி சொன்னாராம். மகன் கேட்கவில்லை. ஆறு பேரும் பெட்டிகளை இழுத்துக் கொண்டு ஹோட்டலொன்றுக்குச் சென்றார்கள். தேவையான ஆவணங்கள் இல்லாததால் ஏற முடியாமற் போனால் பயணக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் திரும்பி வந்தன. வீசா பற்றிய எச்சரிக்கை இணையத்தளத்தில் இல்லாமல் இருக்கவில்லை. இருந்தது. "வீசா ஆவணங்கள் பயணியின் பொறுப்பு" என்று பொதுவாகச் சொல்லியிருந்தது. "இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசிய வீசா வேண்டும்" என்று பெயர் சொல்லிச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கவில்லை.

கொழும்பில் இதே வேலையைச் செய்யும் ஒருவர், கடவுச்சீட்டின் முதற் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதைச் சொல்லியிருப்பார். முகவரிடமிருந்து நாம் வாங்குவது இதைத்தான். குறைந்த விலையை அல்ல.

யார் பக்கம் யார் நிற்பார்?

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். முகவர் மூலம் பதிந்தால், அப்பதிவு அவருடைய கட்டுப்பாட்டில் இருக்கும். அறையை மாற்றுவது, திகதியை மாற்றுவது, ரத்துச் செய்வது எல்லாவற்றுக்கும் அவரிடமே போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை முகவரின் அலுவலகம் மூடியிருந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும். நேரடியாகப் பதிந்தவர் தாமே இணையத்தில் புகுந்து மாற்றலாம். நேரடியாகப் பதிந்த பின்னர் முகவர் ஒருவரிடம் அதை ஒப்படைக்கவும் சில நிறுவனங்கள் இடமளிக்கின்றன. அதற்குக் காலக்கெடு உண்டு. முழுத் தொகையும் கட்டிய பின்னர் பெரும்பாலும் முடியாது.

விலை இறங்கும் போதும் இவ்வேறுபாடு தெரியும். முழுத் தொகையையும் கட்ட வேண்டிய திகதி, பயணத்துக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன்னர் வருவது வழக்கம். அதற்கு முன் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரும்படி பல நிறுவனங்களிடம் கேட்கலாம். நிறுவனம் தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. நல்ல முகவர் இதைக் கவனித்துக் கொண்டிருப்பார். நேரடியாகப் பதிந்தவர் தாமே வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

சட்டப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கப்பல் பயணச் சீட்டின் பின்னாலுள்ள ஒப்பந்தத்தில், வழக்கென்று வந்தால் எந்த ஊர் நீதிமன்றத்தில் தொடர வேண்டும் என்று எழுதியிருக்கும். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், உள்ளூர் முகவர் மூலம் சீட்டு வாங்கிய தம்பதியர் ஒரு கார்னிவல் நிறுவனக் கப்பலில் சென்றனர். மனைவி கப்பலில் வழுக்கி விழுந்து காயமடைந்தார். தமது ஊரில் வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சீட்டில் எழுதியிருந்தபடி நாட்டின் மறுகோடியிலுள்ள புளோரிடாவில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்று 1991இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கருக்கே இந்த நிலையென்றால், அக்குறணையிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ நாம் எப்படிப் போவது? கொழும்பிலுள்ள முகவரோ நம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் அவரைப் பற்றி முறையிடலாம். ஒன்றுமில்லாவிட்டாலும் அவரது அலுவலகப் படியேறி முன்னால் உட்காரலாம்.

ஆனால் பெரிய பெயர் என்பதற்காக எவரிடமும் கண்ணை மூடிக் கொண்டு பணம் கட்டக் கூடாது. 1841இல் தோமஸ் குக் ஏற்பாடு செய்த ரயில் பயணத்திலிருந்து வளர்ந்த அவரது பெயரிலான பிரித்தானிய நிறுவனம், 2019 செப்டம்பர் 23ஆம் திகதி ஒரே இரவில் வீழ்ந்தது. வெளிநாடுகளில் நின்ற சுமார் 150,000 பயணிகளைப் பிரித்தானிய அரசாங்கம் திருப்பி அழைத்து வர வேண்டியிருந்தது. அங்கே முகவர் வீழ்ந்தாலும் பயணியைப் பாதுகாக்கும் ஒரு திட்டம் 1973 முதல் இருக்கிறது. கப்பல் நிறுவனமே வீழ்ந்த கதையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஓட்டிய கெந்திங் ஹொங்கொங் நிறுவனம் 2022 ஜனவரியில் கடன் சுமையால் கலைப்புக்கு விண்ணப்பித்தது. அதன் கப்பல் மார்ச் தொடக்கத்தில் அங்கு சேவையை நிறுத்தியது. ஆகவே நேரடியாகக் கட்டிய பணமும் முற்றிலும் பத்திரமானதென்று சொல்ல முடியாது. கடனட்டையால் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று குறித்த காலத்துக்குள் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைக் கோர ஒரு வழியாவது இருக்கும்.

மூன்றாவது வழி

எங்கள் இரு அனுபவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். எனக்கு ஆலோசனை கிடைத்தது, பணம் அகப்பட்டுக் கொண்டது. மருமகனின் பணம் முகவரிடம் அகப்படவில்லை, ஆலோசனை கிடைக்கவில்லை. "நேரடியாகவா, முகவர் மூலமா?" என்ற ஒரே கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணம் யார் கையில் இருக்கப் போகிறது? பிரச்சினை வந்தால் தொலைபேசியை எடுப்பவர் யார்? இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முகவர் பதிவு செய்யட்டும், பணத்தை மட்டும் உங்கள் கடனட்டையிலிருந்து கப்பல் நிறுவனமே நேரடியாக அறவிடட்டும். இப்படிச் செய்ய முடியும். உலகின் பல நாடுகளில் முகவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். தரகு பின்னர் நிறுவனத்திடமிருந்து அவருக்குப் போகும். பயணம் ரத்தானால் பணம் உங்கள் அட்டைக்கே திரும்பும். முகவருக்கும் நட்டமில்லை.

இதில் ஒரு குறையுண்டு. டொலரில் கட்டும் போது வங்கி அறவிடும் நாணய மாற்றுக் கட்டணங்கள் உங்கள் தலையில் விழும். ரூபாவின் ஏற்ற இறக்கமும் உங்களுடையதே. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதம் 360 ரூபாவாகியதை மறந்துவிட முடியாது. முற்பணத்தை முன்னைய விலையிலும் மீதியைப் பின்னைய விலையிலும் கட்டியவர் கதி என்னவாகியிருக்கும்? கட்ட வேண்டிய மீதி டொலரில் எவ்வளவு, எந்தத் திகதியில் என்பதை எழுதி வைத்துக் கொண்டு, டொலர் விலை ஏறினாலும் சமாளிக்கக் கூடிய தொகைக்கே பயணத்தைத் தெரிவு செய்யுங்கள்.

யாருக்கு எது பொருத்தம்?

முன்னர் கப்பலில் சென்றவர், இருவர் மட்டும் செல்பவர், ஒரே அறை, குறுகிய பயணம், எல்லாத் துறைமுகங்களுக்குமான வீசா விபரம் தெரிந்தவர், ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தை வாசித்து விளங்கக் கூடியவர் என்றால் நேரடியாகப் பதியலாம். முகவர் செய்யும் வேலையை அவரே செய்து கொள்வார்.

முதல் தடவை செல்பவர்கள், வயதான பெற்றோருடன் செல்பவர்கள், சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள், இரண்டு மூன்று அறைகளை அடுத்தடுத்து எடுப்பவர்கள், வெவ்வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் குடும்பத்தார் ஆகியோர் முகவரிடம் செல்வதே நல்லது. எங்கள் சமூகத்தில் இன்று பாதிக் குடும்பங்கள் இந்தக் கடைசி வகைக்குள் அடங்கும். உம்மா வாப்பா இங்கே, பிள்ளைகள் லண்டனிலும் மெல்பர்னிலும் தோஹாவிலும்.

முகவரிடம் கேட்க வேண்டியவை

முதலாவது, அவர் உண்மையில் கப்பல் பயணம் விற்பவரா என்று பாருங்கள். விமானச் சீட்டும் உம்ராப் பயணமும் நன்றாகச் செய்பவர் கப்பலும் அறிந்திருப்பார் என்பதற்கில்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுள்ளதா என்று கேளுங்கள். ஆனால் பதிவு இருப்பது உங்கள் பணத்துக்கு உத்தரவாதமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, முற்பணம் கட்டியவுடன் கப்பல் நிறுவனத்தின் பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். முகவரின் பற்றுச்சீட்டு இலக்கம் போதாது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தை இட்டு, உங்கள் பெயர் கடவுச்சீட்டிலுள்ளபடி இருக்கிறதா, எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். பதிவிலக்கம் தரத் தயங்குபவரிடம் அதற்கு மேல் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

மூன்றாவது, ரத்துச் செய்தால் எந்தத் திகதியில் எவ்வளவு கழிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் கழிப்பது வேறு, முகவர் கழிப்பது வேறு. பயணத் திகதி நெருங்க நெருங்கக் கழிவு கூடும். கடைசி நாட்களில் முழுத் தொகையும் போய்விடும்.

நான்காவது, உணவு. "பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை" என்பதும் "ஹலால்" என்பதும் ஒன்றல்ல. எந்த உணவகத்தில் ஹலால் உணவு கிடைக்கும், அதற்குச் சான்றிதழ் உண்டா, எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் பதில் பெற்றுத் தரும்படி கேளுங்கள். கப்பலில் ஏறிய பின் கேட்டால் மீனும் மரக்கறியும்தான் மிஞ்சும்.

ஐந்தாவது, காப்புறுதி. கப்பலில் வைத்தியரிடம் காட்டுவது இலவசமல்ல. நடுக்கடலில் ஒருவரைக் கரைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் அதன் செலவு பயணக் கட்டணத்தை விடப் பல மடங்காகும். சாதாரண பயணக் காப்புறுதி கப்பற் பயணத்தையும் உள்ளடக்குகிறதா என்று கேட்க வேண்டும்.

ஆறாவது, விமானம். கப்பல் புறப்படும் அன்று காலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானத்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்ச் சேருங்கள். ஒரு நாள் ஹோட்டல் வாடகை, நாலு நாள் கப்பல் கட்டணத்தை விடக் குறைவு. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பதியும் முன்பே பாருங்கள்.

கடைசியாக

தங்கையின் கதை அத்தோடு முடியவில்லை. 2025இல் மருமகன் மீண்டும் அதே பாதைக்குப் பதிந்தார். இம்முறை கொழும்பில் ஒரு முகவர். பணம் மருமகனின் அட்டையிலிருந்து நேரே கப்பல் நிறுவனத்துக்குப் போயிற்று. கடவுச்சீட்டுப் பிரதி, வீசா, காப்புறுதி என்று அந்த முகவர் மூன்று தடவை தொலைபேசி எடுத்துத் தங்கையைத் தொந்தரவு செய்தார். "இந்த மனிசன் என்ன நானா, உசிர எடுக்கிறார்" என்று எனக்கு முறைப்பாடு வந்தது. அந்தத் தொந்தரவுக்குத்தான் கப்பல் நிறுவனம் அவருக்குத் தரகு கொடுக்கிறது என்று சொன்னேன். பினாங்கு துறைமுகத்திலிருந்து கப்பலின் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கீழே நின்று எடுத்த படம். கீழேயிருந்து பார்க்கும் போது வாப்பா காட்டிய கப்பல்களைப் போலவே இருப்பதாக எழுதியிருந்தார்.

மாவனல்லை வாசகர் சென்ற வாரம் மறுபடியும் பேசினார். ஒரு முகவர் மற்றவர்களை விட ஆளுக்கு 15,000 ரூபா குறைவாகத் தருவதாகச் சொன்னாராம். ஆனால் முழுத் தொகையும் ரொக்கமாக வேண்டுமாம், கப்பல் நிறுவனத்தின் பதிவிலக்கம் பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்தான் தர முடியுமாம். ஆறு பேருக்கு 90,000 ரூபா மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மிச்சப்படுவது 90,000. கையை விட்டுப் போவது எவ்வளவு என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, வேறு ஒருவரிடம் கேட்பதாகச் சொன்னார்.